பிரசன்னாவும் வெங்கட்ராகவனும்: எண்களின் சாட்சியம்

1934-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கம் திடலில் சென்னை அணியும் மைசூர் அணியும் எதிரெதிர் நின்றன. ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம் அது. முதற் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். மைசூர் அணி முதலில் 48 ஓட்டங்களுக்கும் பின்னர் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. இடையில் சென்னை அணி எடுத்தது 130. கதிரவன் மறையுமுன்னே, ஒரே நாளில், ஓர் இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் வேறுபாடாகச் சென்னை வென்றது. ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களே கொடுத்துப் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

அன்று தொடங்கிய வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஈஜிபுரத்தில் வாழும் தமிழராகிய நாம் அவ்வழக்கின் இரு தரப்பிலும் உறவுடையோம். பிறந்த வழியால் சேப்பாக்கத்துக்கு வேண்டியவர்கள். பிழைக்கும் வழியால் சின்னசாமி அரங்கத்துக்கு வேண்டியவர்கள். எனவே எவர் பெரியர் என்ற வினா இங்கே எழும்போது, அது வெறும் விளையாட்டுப் பேச்சாக நின்றுவிடுவதில்லை; எப்பக்கம் நிற்கிறாய் என்ற வினாவாகவும் ஒலிக்கும். அவ்வினாக்களுள் மிகப் பழையதும் மிக இனியதுமான ஒன்றை எடுத்துக்கொண்டு, எண்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எரப்பள்ளி பிரசன்னா, சீனிவாசராகவன் வெங்கட்ராகவன் ஆகிய இருவருள் சிறந்த சுழற்பந்து வீச்சாளர் யார்?

இருவரையும் பற்றி முதலில் சில சொற்கள். பிரசன்னா 1940-இல் பெங்களூரில் பிறந்தவர். வெங்கட்ராகவன் 1945-இல் சென்னையில் பிறந்தவர். இருவரும் வலக்கையால் ஆஃப் ஸ்பின் வீசியவர்கள். இருவரும் பொறியியல் பயின்றவர்கள்: முன்னவர் மைசூரில், பின்னவர் கிண்டியில். இருவரும் தம் மாநில அணிகளுக்குத் தலைமை தாங்கினர். ஒரே தொழில், ஒரே கை, ஒரே கல்வி. இந்திய அணியிலோ அத்தொழிலுக்குப் பெரும்பாலும் ஓர் இடமே இருந்தது. பேடியும் சந்திரசேகரும் தத்தம் இடங்களில் அமர்ந்தபின், எஞ்சிய ஒரு நாற்காலிக்கு இவ்விருவரும் பல்லாண்டுகள் போட்டியிட வேண்டியதாயிற்று. நால்வரும் ஒன்றாகக் களமிறங்கிய டெஸ்ட் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான்: 1967-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நடந்தது. அதிலும் நாம் 132 ஓட்டங்களில் தோற்றோம். நால்வரும் சேர்ந்து 231 டெஸ்ட் பங்கேற்புகளில் 853 விக்கெட்டுகள் வீழ்த்தினர் என்ற பெருங்கணக்கை எடுத்துரைப்பவர்கள், அவர்கள் சேர்ந்து நின்றது ஒருமுறையே என்ற சிறுகணக்கை மறந்துவிடுகின்றனர்.

எம் தந்தையார் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து 1960-களில் இந்நகருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தவர். வெங்கட் என்றால் அவருக்கு உயிர். எங்கள் தெருவில் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கன்னடப் பள்ளியாசிரியர் ஒருவர் இருக்கிறார். தந்தையார் அவரை 'மேஷ்ட்ரு' என்றே அழைப்பார்; அவர் தந்தையாரை 'ஸ்வாமி' என்பார். மேஷ்ட்ருவுக்குப் பிரசன்னா. மாலை தோறும் திண்ணையில் இவ்வழக்கு நடக்கும். பந்தை மேலே மிதக்கவிட்டு, மட்டையாளரை அடியடியாக முன்னே வரவழைத்து ஏமாற்றுகின்ற கலையை மேஷ்ட்ரு தம் கைவிரல்களாலேயே காற்றில் வரைந்து காட்டுவார். தந்தையாரோ, 'ஆறு பந்தையும் ஒரே காசின்மேல் விழச்செய்வது கலையில்லையா?' என்பார். காவிரி நீரின் பொருட்டு 1991 டிசம்பரில் இந்நகரம் கலங்கிய நாட்களில் மட்டும் திண்ணை வெறிச்சோடியிருந்தது. அந்நாட்களிலும் மேஷ்ட்ரு எங்கள் வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். ஆனால் பேச்சு மட்டும் இல்லை. மீண்டும் பேச்சுத் தொடங்கியபோது அது 1971-ஆம் ஆண்டின் மேற்கிந்தியத் தீவுப் பயணத்தைப் பற்றியதாக இருந்தது என்பது நினைவிலிருக்கிறது.

தந்தையார் நீண்ட கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தார். அவென்யூ சாலைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய கிரிக்கெட் ஆண்டு மலர்களிலிருந்து, குறிப்பாகச் சென்னையில் கஸ்தூரி அண்டு சன்ஸ் வெளியிட்டுவந்த மலரிலிருந்து, ஆட்ட விவரங்களை அதில் பெயர்த்தெழுதுவார். அவர் 2009-இல் காலமானபின் அந்நோட்டு எம்மிடம் வந்தது. மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றும் எமக்குப் பதிவேடுகளைச் சரிபார்ப்பது பழகிப்போன வேலை. ஆகவே அந்நோட்டையும் அவ்வாறே சரிபார்க்கலானோம்.

நிற்க. எண்களைக்கொண்டு ஆட்டக்காரரை எடைபோடும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சிறிது காண்போம். சராசரி என்பது மிக எளிய கணக்கு. பழங்கால இங்கிலாந்தில் ஓட்டங்களை இன்னிங்ஸ்களால் வகுத்து, ஈவையும் மீதியையும் தனித்தனியே எழுதிவந்தனர். தசமப் புள்ளி பின்னரே வந்தது. ஆட்டமிழக்காத இன்னிங்ஸை வகுக்கும் எண்ணிலிருந்து நீக்கும் வழக்கமும் பின்னர் நிலைபெற்றது. இவ்வழக்கத்தின் விளைவு சிறிதன்று. டான் பிராட்மன் 80 இன்னிங்ஸ்களில் 6,996 ஓட்டங்கள் எடுத்தார்; அவற்றுள் பத்தில் ஆட்டமிழக்கவில்லை. எழுபதால் வகுத்தால் உலகறிந்த 99.94, எண்பதால் வகுத்தால் 87.45. 1948-இல் ஓவல் திடலில் ஹோலிஸ் வீசிய பந்தில் சுழியத்துக்கு ஆட்டமிழந்ததால், நான்கு ஓட்டங்கள் குறைந்து சராசரி நூறு ஆகாமற் போயிற்று என்று உலகம் இன்றும் வருந்துகிறது. வகுக்கும் எண்ணை மாற்றியிருந்தால் அந்த வருத்தமே தோன்றியிராது.

ஆட்டமிழக்காத இன்னிங்ஸை எப்படிக் கணக்கிடுவது என்ற சிக்கல் எம்போன்ற எழுத்தர்க்குப் புதிதன்று. திங்கள்தோறும் முதல் வாரத்தில் வந்த கோப்பு, முடித்த கோப்பு, நிலுவைக் கோப்பு என மூன்று பத்திகளில் அறிக்கை அனுப்புகிறோம். நிலுவையை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்பதைப் பொறுத்தே ஒரு பிரிவு சுறுசுறுப்பானதாகவோ சோம்பலானதாகவோ தோன்றும். எளிய கோப்புகளை முதலில் முடித்து எண்ணிக்கையை உயர்த்திக் காட்டுவதும் உண்டு. உண்மையைச் சொல்வதானால் நாமே அவ்வாறு செய்ததுண்டு. எங்கள் ஈஜிபுரத்தில் 2017-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் வெறுந்தூண்களாகவே நின்ற மேம்பாலத்தை மேஷ்ட்ரு 'நாட் அவுட்' என்றே குறிப்பிட்டுவந்தார்.

சராசரியைப் புள்ளியியல் அறிஞர்கள் கையிலெடுத்தது 1945-இல். இங்கிலாந்தின் அரசப் புள்ளியியற் கழக ஏட்டில் எல்டர்ட்டன், வுட் ஆகிய இருவரும் மட்டையாளரின் ஓட்டங்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினர். ஒருவருடைய ஓட்டங்கள் சராசரியைச் சுற்றிக் குவிவதில்லை. சிறிய எண்கள் மிகப் பலவாகவும் பெரிய எண்கள் மிகச் சிலவாகவும் படிப்படியாக இறங்கிச் செல்கின்றன என்பது வுட் கண்டது. நாற்பது சராசரியுடையவர் நாற்பதை எடுப்பவர் அல்லர். பலமுறை ஐந்தும் பத்தும் எடுத்து, சிலமுறை நூறும் நூற்றைம்பதும் எடுப்பவர். சராசரியை மட்டும் கண்டு ஆளை மதிப்பது, ஒருவரின் ஆண்டு வருவாயைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டு, அவர் பட்டினி கிடந்த திங்கள்களை மறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

இந்தியாவில் இக்கலையை வளர்த்தவர்களுள் பம்பாய் ஆனந்த்ஜி டோசா முதன்மையானவர். வானொலி வருணனையாளர்க்கு அருகில் ஏடுகளுடன் அமர்ந்து, கேட்ட மாத்திரத்தில் விவரம் எடுத்துக்கொடுத்தவர். கணிப்பொறி வந்தபின் நிலைமை மாறியது. 1987-இல் டெட் டெக்ஸ்டர் என்னும் முன்னாள் இங்கிலாந்துத் தலைவர், ராப் ஈஸ்டவே, கார்டன் வின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து ஆட்டக்காரர் தரவரிசை ஒன்றை அமைத்தார். எதிரணியின் வலிமை, ஆட்டத்தில் விழுந்த ஓட்டங்களின் அளவு, அண்மைக்கால ஆட்டங்களுக்கு மிகுதியான எடை என்றிவற்றைச் சேர்த்துக் கணித்த அம்முறையே இன்று பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றத்தின் தரவரிசையாக விளங்குகிறது. நாடுகளின் அணிகளை ஒப்பிடும் தரவரிசைக்கு 2003 முதல் டேவிட் கெண்டிக்ஸ் என்னும் காப்பீட்டுக் கணிதர் வகுத்த முறை கையாளப்படுகிறது. அதன் சாரம் இது: வென்றோம் என்பது மட்டும் போதாது, யாரை வென்றோம் என்பதையும் பார்க்க வேண்டும். வலிய அணியை வென்றால் மிகுபுள்ளி. எளிய அணியை வென்றால் குறைபுள்ளி. வலியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

இவ்வகைக் கணிப்புகளின் பயனை எமக்கு உணர்த்தியது குண்டப்பா விசுவநாத்தின் ஓர் இன்னிங்ஸ். 1975 பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவு அணியுடன் டெஸ்ட் ஆட்டம். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளைச் சாய்க்க, இந்திய அணி 190-இல் முடிந்தது. அதில் விசுவநாத் ஆட்டமிழக்காமல் எடுத்தவை 97. பாதிக்கு மேல்! ஆனால் சதங்களின் பட்டியலில் அந்த 97-க்கு இடமில்லை. மூன்று ஓட்டங்கள் குறைந்ததால் அட்டவணைக்கு அது புலப்படவே இல்லை. 2001-இல் விஸ்டன் நிறுவனம் ஆட்டச் சூழல், எதிரணிப் பந்துவீச்சு, ஆட்டத்தின் முடிவு முதலியவற்றை எடைபோட்டு டெஸ்ட் வரலாற்றின் நூறு சிறந்த இன்னிங்ஸ்களை வரிசைப்படுத்தியபோது, அந்த 97 முப்பத்தெட்டாம் இடம் பெற்றது. எளிய எண் மறைத்ததை நுட்பமான எண் மீட்டுக் கொடுத்தது. விசுவநாத்தின் சராசரி 41.93, அவருடைய மைத்துனர் கவாஸ்கரின் சராசரி 51.12. பத்து ஓட்ட வேறுபாடு பெரிதுதான். எனினும் விசுவநாத் சதமடித்த பதினான்கு டெஸ்ட்களுள் ஒன்றிலும் இந்தியா தோற்கவில்லை. நான்கில் வென்றது, பத்தில் சமன் கண்டது.

அதே சேப்பாக்க ஆட்டத்துக்குத் திரும்புவோம். நம் வழக்கு அங்கேதான் இருக்கிறது. அவ்வாட்டத்தில் பிரசன்னா ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார்; இந்தியா நூறு ஓட்டங்களில் வென்றது. வெங்கட்ராகவன் அணியிலேயே இல்லை. தம் சொந்த ஊரில், பொங்கல் நாளில், தம் நாற்காலியில் மற்றவர் அமர்ந்து வெற்றி தேடித்தந்ததை அவர் வெளியிலிருந்து காண நேர்ந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 1974 டிசம்பரில், பட்டோடி காயமுற்றதால் தில்லி டெஸ்டில் அவர் இந்திய அணிக்கே தலைமை தாங்கியிருந்தார். அடுத்த ஆட்டமாகிய கல்கத்தா டெஸ்டில் அவருக்கு இடமில்லை. ஓர் ஆட்டத்தில் தலைவர், மறு ஆட்டத்தில் வெளியாள்! தலைமை எழுத்தராகப் பொறுப்பேற்றவரை மறுநாளே காத்திருப்போர் பட்டியலில் வைப்பதை எந்த அலுவலகமும் செய்யத் துணியாது.

தந்தையாரின் நோட்டை நாம் சரிபார்த்தபோது, அந்த 1975 பொங்கல் ஆட்டத்துக்கு அதில் ஒரு பக்கமும் இல்லை என்பதைக் கண்டோம். மேலும் புரட்டியபோது விடுபட்டவை பல என்று தெரிந்தது. 1965-இல் தில்லியில் நியூசிலாந்துக்கு எதிராக வெங்கட் 152 ஓட்டங்களுக்குப் பன்னிரண்டு விக்கெட் எடுத்தது இருக்கிறது; முதல் இன்னிங்ஸில் 72-க்கு எட்டு என்பது சிவப்பு மையால் எழுதப்பட்டிருக்கிறது. அப்போது வெங்கட்டுக்கு வயது 19. 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளில் துணைத்தலைவராகச் சென்று 22 விக்கெட் எடுத்து நம் பந்துவீச்சாளருள் முதல்வரானது இருக்கிறது. அதே ஆண்டு இங்கிலாந்தில் 13 விக்கெட் எடுத்ததும், அப்பயணத்தின் மூன்று டெஸ்டிலும் பிரசன்னாவுக்கு இடம் கிடைக்காததும் இருக்கின்றன. ஆனால் விக்கெட் விழாத நாட்கள் இல்லை. அன்பு வைத்த கை எழுதிய ஏடு அவ்வாறுதான் இருக்கும். கணக்குத் தணிக்கையில் இதனைக் குறையென்று எழுதுவோம். தந்தையார் விஷயத்தில் அச்சொல் எழுத மனம் வரவில்லை.

விடுபட்டவற்றை நாமே சேர்த்து இருவருடைய முழுக்கணக்கையும் அருகருகே எழுதினோம். பிரசன்னா 49 டெஸ்ட்களில் 189 விக்கெட், சராசரி 30.38. வெங்கட்ராகவன் 57 டெஸ்ட்களில் 156 விக்கெட், சராசரி 36.11. இதைக் கேட்டவுடன் மேஷ்ட்ருவின் கட்சியினர் எழுந்து சென்றுவிடலாம். ஆயினும் தந்தையார் கட்சியின் வழக்கமான மறுமொழி ஒன்று உண்டு: 'வெங்கட்டின் கைக்குப் பந்து எப்போது வந்தது? பேடியும் சந்திராவும் வீசிக் களைத்த பிறகுதானே? வீசக் கொடுக்காமல் விக்கெட் எங்கிருந்து வரும்?'

நியாயமான வினா. எனவே வீசிய பந்துகளை எண்ணினோம். பிரசன்னா வீசியவை 14,353. வெங்கட் வீசியவை 14,877. ஓர் ஆட்டத்துக்கு முன்னவர் 293 பந்துகள், பின்னவர் 261. ஆம், வெங்கட்டுக்குப் பந்து குறைவாகத்தான் கிடைத்தது; ஆட்டமொன்றுக்கு ஐந்து ஓவருக்குச் சற்று மேல். தந்தையார் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்தக் குறையைக் கணக்கில் கொண்டபின்னும் வேறுபாடு மறையவில்லை. ஒரு விக்கெட் எடுக்கப் பிரசன்னாவுக்குத் தேவைப்பட்ட பந்துகள் 76, வெங்கட்டுக்கு 95. பிரசன்னாவுக்குக் கிடைத்த அளவே வெங்கட்டுக்கும் கிடைத்திருந்தால் ஆட்டத்துக்கு மூன்று விக்கெட் எடுத்திருப்பார். பிரசன்னாவோ நான்கை நெருங்கினார். மறுபுறம், ஓவருக்குக் கொடுத்த ஓட்டங்களில் வெங்கட்டே சிக்கனமானவர்: அவர் 2.27, இவர் 2.40. 'ஒரே காசின்மேல்' என்று தந்தையார் சொன்னதற்கு எண்ணும் துணைநிற்கிறது. கவரப் பார்த்தவர் பிரசன்னா, கட்டிப்போட்டவர் வெங்கட் என்பதை இவ்விரு எண்களே சொல்லிவிடுகின்றன.

இன்னொரு சோதனையும் செய்தோம். ஒவ்வொருவரின் பொற்காலத்தையும் எடுத்துவிட்டு எஞ்சியதைப் பார்ப்பது. 1967-68-இல் பிரசன்னா ஆஸ்திரேலியாவில் 25, நியூசிலாந்தில் 24 என எட்டே டெஸ்ட்களில் 49 விக்கெட் குவித்தார். அயல்நாட்டில் இந்தியா முதன்முதலாகத் தொடரை வென்றது அந்த நியூசிலாந்துப் பயணத்தில்தான். அதை நீக்கினால் 41 டெஸ்ட்களில் 140, ஆட்டத்துக்கு 3.4. வெங்கட்டின் 1965-ஆம் ஆண்டு நியூசிலாந்துத் தொடரில் நான்கு ஆட்டங்களில் எடுத்த 21-ஐயும் 1971-ஆம் ஆண்டின் எட்டு ஆட்டங்களில் எடுத்த 35-ஐயும் நீக்கினால் 45 டெஸ்ட்களில் சரியாக 100, ஆட்டத்துக்கு 2.2. பொற்காலம் போனபின்னும் பிரசன்னா பிரசன்னாவாகவே இருக்கிறார். இவ்விடத்தில் எம் கை சிறிது தயங்கியது. தந்தையாரின் எழுத்துக்குக் கீழே, அவருக்கு எதிரான எண்ணை அவர் பேனாவைக் கொண்டே எழுத வேண்டியிருந்தது. எழுதினோம்.

ஆனால் இத்துடன் வழக்கு முடிந்ததென்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. டெஸ்ட் ஆட்டங்களோடு நில்லாமல், முதல்தர ஆட்டங்கள் அனைத்தையும் எடுத்துப் பாருங்கள். பிரசன்னா 235 ஆட்டங்களில் 957 விக்கெட், சராசரி 23.45. வெங்கட் 341 ஆட்டங்களில் 1,390 விக்கெட், சராசரி 24.14. ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் முன்னவர்க்கு 4.07, பின்னவர்க்கு 4.08! இதிலிருந்து டெஸ்ட் கணக்கைக் கழித்தால் மேலும் வியப்பு. பிரசன்னா 186 ஆட்டங்களில் 768. வெங்கட் 284 ஆட்டங்களில் 1,234. அதாவது 4.1-உம் 4.3-உம். மாநில அணியிலும் பிற ஆட்டங்களிலும் வெங்கட் ஒரு படி மேலே. டெஸ்டில் ஒரு படி கீழே. ரஞ்சிக் கோப்பையில் மட்டும் அவர் 530 விக்கெட் எடுத்தவர்; அவ்வரிசையில் அவருக்கு மேலிருப்பவர் 637 எடுத்த ராஜிந்தர் கோயல் ஒருவரே.

ஒரே மனிதர் ஓரிடத்தில் மேலாகவும் மற்றோரிடத்தில் கீழாகவும் இருப்பானேன்? எதிரணியின் தரம் உயர்ந்தபோது பிரசன்னாவின் தூண்டில் பலித்தது, வெங்கட்டின் கட்டு தளர்ந்தது என்று மேஷ்ட்ரு கட்சி சொல்லும். மாநில அணியில் தலைவராய், தாம் விரும்பியபோது பந்தெடுத்து வீசியவருக்கு, தேசிய அணியில் இடமே நிச்சயமில்லாத நிலையில் கை எப்படி வரும் என்று எங்கள் கட்சி சொல்லும். இரண்டுக்கும் எண் தடை சொல்லவில்லை. இரண்டையும் மெய்ப்பிக்கவும் இல்லை. மொத்தக் கணக்கு என்பது எத்தனை பந்து என்று சொல்லும். எந்த மட்டையாளருக்கு, எந்த நேரத்தில், தேய்ந்த திடலிலா கெட்டியான திடலிலா என்று சொல்லாது. குறுகிய தூரத்தில் நின்று உயிரைப் பணயம் வைத்துப் பந்து பிடித்த ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்ட்களில் 53 பிடிகள் பிடித்தார். அப்பிடிகள் எல்லாம் வீச்சாளர் பெயரிலேயே விக்கெட்டாகப் பதிவாயின. வெங்கட்டும் 44 பிடிகள் பிடித்தவர். அவற்றுள் பிறர் வீச்சில் பிடித்தவையெல்லாம் பிறர் கணக்கை உயர்த்தின. இருவருக்கும் எதில் சமம் என்றால் மட்டைப் பிடிப்பில்: பிரசன்னா 735 ஓட்டங்கள், வெங்கட் 748. இதைக் கேட்டு இரு கட்சியும் சேர்ந்து சிரித்ததுண்டு.

இடமே கிடைக்காதவர்களை எண் என்ன சொல்லும்? முதல் ரஞ்சி ஆட்டத்தில் பதினொரு விக்கெட் எடுத்த ராம்சிங் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. 637 விக்கெட் எடுத்த கோயலும் ஆடவில்லை. பம்பாயின் பத்மாகர் சிவால்கரும் ஆடவில்லை. 1973-இல் சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சி இறுதியாட்டத்தில் தமிழ்நாட்டை 80-க்கும் 61-க்கும் சுருட்டியவர் அவர். 34 ஓட்டங்களுக்குப் பதின்மூன்று விக்கெட். ஆட்டம் மூன்றாம் நாளின் முதற் பந்தோடு முடிந்தது. தோற்ற அணியின் தலைவர் வெங்கட்ராகவன். அடுத்த ஆண்டே பிரசன்னா தலைமையில் கர்நாடகம் பம்பாயின் பதினைந்து ஆண்டுத் தொடர்வெற்றியை முறியடித்து, முதன்முதலாகக் கோப்பையைக் கைக்கொண்டது. மாநில அணிகளையே ஒப்பிடுவதானால், 2014-15 வரையில் கர்நாடகம் எட்டு முறை, தமிழ்நாடு இரு முறை. இந்த ஒப்பீட்டை எங்கள் தெருவில் எவரும் எடுப்பதில்லை. எடுத்தால் திண்ணை அன்றே கலைந்துவிடும்.

சென்ற ஆண்டு இம்மலருக்கெனக் கட்டுரை கேட்கப்பட்டபோது, மேற்கண்ட கணக்கை எழுதி முடித்து எதிர்வீட்டுக்குச் சென்றோம். மேஷ்ட்ருவுக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது, பார்வை மங்கியிருக்கிறது. '76-க்கு 95, மேஷ்ட்ரு. நீங்கள் சொன்னதே சரி' என்றோம். தந்தையார் சார்பில் தோல்வியை ஒப்புக்கொள்வதாகவே எம் எண்ணம். அவர் வியக்கவில்லை. 'நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாயா, அப்பா?' என்று கேட்டார்.

பார்த்திருக்கவில்லை. பின்னட்டையோடு ஒட்டிப்போயிருந்த தாள் அது. நீர் தடவி மெல்லப் பிரித்தோம். தந்தையாரின் கையெழுத்தில், பள்ளிச் சிறுவர் போடுவதுபோல் நீண்ட வகுத்தல் இரண்டு இருந்தன. 14,353-ஐ 189-ஆல் வகுத்து 75.9, 14,877-ஐ 156-ஆல் வகுத்து 95.4. கீழே 1984 என்று ஆண்டு. வெங்கட் கடைசி டெஸ்ட் ஆடிய மறு ஆண்டு. வகுத்தலைச் சரிபார்த்து மேஷ்ட்ரு இட்ட கையொப்பமும் பக்கத்தில் கன்னடத்தில் இருந்தது. அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் இருவரும் திண்ணையில் அமர்ந்து அதே வழக்கை நடத்தியிருக்கின்றனர்.

2013-இல் சென்னை அஸ்வின் தம் பதினெட்டாம் டெஸ்டிலேயே நூறாவது விக்கெட்டை எடுத்து, இருபது டெஸ்ட்களில் நூறு எடுத்த பிரசன்னாவின் இந்தியச் சாதனையை முறியடித்தார் என்பதை அப்போது மேஷ்ட்ருவிடம் நினைவூட்டினோம். அவரும் ஆஃப் ஸ்பின். அவரும் பொறியியல் பயின்றவர். 2024 டிசம்பரில் ஓய்வுபெற்றபோது அவர் கணக்கு 106 டெஸ்ட், 537 விக்கெட், சராசரி 24.00. மேஷ்ட்ரு எம் பேனாவை வாங்கி, தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, தந்தையாரின் இரண்டு வகுத்தல்களுக்கும் கீழே அந்த மூன்று எண்களையும் கன்னட இலக்கங்களில் எழுதினார். பிறகு, 'ஸ்வாமி இருந்தால் இன்று அவருக்கு நான் காப்பி வாங்கித் தர வேண்டியிருக்கும்' என்று சொல்லி, உள்ளே திரும்பிக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.